அயர்லாந்துப் பையன் என்றால் ஏன் அவ்வளவு ஆகாது?

கேள்வி இதுதான்: ஓர் ஆங்கிலக் காதல் நாவல். 1930-களின் நியூயார்க்கில் இத்தாலியக் குடும்பத்துப் பெண் ஒருத்தி அயர்லாந்துப் பையனைக் காதலிக்கிறாள். அப்பா அவளை வீட்டைவிட்டே விரட்டிவிடுகிறார். இரண்டு பேரும் கத்தோலிக்கர், இரண்டு பேரும் வெள்ளையர், இரண்டு பேரும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அப்புறம் என்ன தடை? நிஜமாகவே இப்படி நடந்ததா, கதைக்காக ஊதிப் பெரிதாக்கியதா? இந்த வகை நாவல்களில் எதை நம்பலாம்?

நடந்ததுதான். ஆனால் இந்த நாவல்களில் பெரும்பாலானவை சொல்லும் காரணத்துக்காக இல்லை. அப்பாவின் முன்கோபம், குடும்ப மானம், மதப் பற்று என்று மூன்றைக் காட்டிவிட்டு ஆசிரியர் முத்தக் காட்சிக்குப் போய்விடுவார். அந்த மூன்றும் இருந்தன. அவற்றுக்கு அடியில் ஒரு கணக்கும் இருந்தது. யார் சம்பாதிக்கிறார்கள், அந்தப் பணம் எந்த வீட்டுக்குப் போகிறது, வயதான காலத்தில் யார் சோறு போடுவார்கள் என்ற கணக்கு. அதைத் தொடாத நாவலில் அப்பா வெறும் வில்லனாக நிற்பார்.

1880-க்கும் 1924-க்கும் இடையில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். அதில் மிகப் பெரும்பாலோர் தெற்கத்திக்காரர்கள்: சிசிலி, கலாப்ரியா, நேப்பிள்ஸைச் சுற்றிய கம்பானியா, பசிலிகாட்டா. குத்தகைக்கு உழுதவர்கள், அன்றாடக் கூலிகள். 1861-இல் இத்தாலி ஒரே நாடானபோது அவர்களுக்குக் கிடைத்தது புது வரியும் கட்டாய ராணுவ சேவையும்தான். நிலம் வெளியூரில் இருக்கும் பண்ணையாரிடம், சட்டம் பண்ணையாரின் ஆளிடம், போலீஸ் வடக்கிலிருந்து வந்தவன். இப்படிப்பட்ட இடத்தில் ரத்த உறவைத் தவிர வேறு யாரை நம்புவது? திருச்சபையைக்கூட முழுசாக நம்பியவர்கள் இல்லை. புனிதர்களைக் கும்பிடுவார்கள், மாதாவுக்கு நேர்ந்துகொள்வார்கள். சாமியாரைப் பார்த்தால் ‘நிலக்காரன் வீட்டுச் சோறு தின்பவன்’ என்று முணுமுணுப்பார்கள். ஆக, மதப் பற்றினால்தான் காதலை எதிர்த்தார்கள் என்று எழுதும் நாவலை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

அமெரிக்காவுக்கு வந்த பிறகு இந்தப் பிடிமானம் இன்னும் இறுகியது. கப்பல் டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவர் மாமா, முதல் வேலை பிடித்துக் கொடுத்தவர் ஊர்க்காரர், ஆறு பேர் படுக்கும் அறையில் ஏழாவதாக இடம் கொடுத்தது சித்தி வீடு. மன்ஹாட்டனின் லிட்டில் இத்தாலியில் தெருவுக்குத் தெரு ஊர் பிரிந்து கிடந்தது. மல்பெரி தெருவில் நேப்பிள்ஸ் பக்கத்து ஆட்கள், எலிசபெத் தெருவில் சிசிலிக்காரர்கள். நடுவில் ஒரே ஒரு தெரு, மாட் தெரு. 1905 வாக்கில் எலிசபெத் தெருப் பெண் மல்பெரி தெருப் பையனைக் காதலித்தால் அதுவே தடை செய்யப்பட்ட காதல்தான். அவன் பேச்சே இவர்களுக்குச் சரியாகப் புரியாது. அவன் அப்பனைப் பற்றி விசாரிக்க ஊரில் ஆள் கிடையாது. விசாரிக்க முடியாதவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது?

இந்தப் பின்னணியில் வருகிறான் அயர்லாந்துப் பையன். அவன் ஏழைதான். ஆனால் அவன் ஆட்கள் இத்தாலியர்களுக்கு ஒரு தலைமுறை முன்னால் வந்தவர்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள். ரோந்து வரும் போலீஸ்காரர் அயர்லாந்துக்காரர், வார்டு அரசியல்வாதி அயர்லாந்துக்காரர், சாலை போடும் இடத்தில் மேஸ்திரியும் பெரும்பாலும் அவரே. துறைமுகத்தில் மன்ஹாட்டன் மேற்குக் கரை அவர்கள் கையில், புரூக்ளின் கரை இத்தாலியர் கையில். கூலியும் குத்தகையும் ஒட்டிய சண்டை தினமும் உண்டு.

எல்லாவற்றையும்விட உறைத்தது கோவிலில்தான். அமெரிக்கக் கத்தோலிக்கச் சபையின் ஆயர்களும் பங்குச் சாமியார்களும் பெரும்பாலும் அயர்லாந்து வழி வந்தவர்கள். இத்தாலியர் பூசைக்கு வந்தால் பல பங்குகளில் மேல்தளத்தில் இடம் கிடையாது, கீழே நிலவறையில்தான் அவர்களுக்குப் பூசை. கிழக்கு ஹார்லெமில் 115-ஆவது தெருவில் இருக்கும் கார்மேல் மாதா கோவிலிலும் நீண்ட காலம் இதே நிலைதான். அந்தக் கோவிலைக் கட்டக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களில் இத்தாலியர்கள் உண்டு. வருடா வருடம் ஜூலை 16-இல் மாதா சுரூபத்தைத் தெருவெங்கும் பவனியாக எடுத்துப் போவார்கள், பெண்கள் வெறுங்காலோடு பின்னால் நடப்பார்கள், டாலர் நோட்டை ரிப்பனில் குத்துவார்கள். அயர்லாந்துச் சாமியார்களுக்கு இது மூடநம்பிக்கை, கூச்சல். இப்போது யோசித்துப் பாருங்கள்: நம்மை நிலவறையில் முழங்கால் போடவைத்த ஆட்களின் வீட்டுக்கு மருமகளாக மகள் போகிறாள். அப்பாவுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிகிறதா? இரண்டு பேரும் கத்தோலிக்கர் என்பது தடையைக் குறைக்கவில்லை; ஒரே கூரையின் கீழ் மேல், கீழ் என்று பிரித்ததால் புண் இன்னும் ஆழமானது.

சரி, கணக்குக்கு வருவோம். அந்தக் காலத்து இத்தாலியப் பெண்கள் பதினான்கு, பதினைந்து வயதில் தையல் ஆலைக்குப் போனார்கள். வீட்டில் உட்கார்ந்து காகிதப் பூ கட்டினார்கள். 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் சட்டை ஆலையில் தீப்பிடித்து 146 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் யூதப் பெண்களும் இத்தாலியப் பெண்களும். மகள் வேலைக்குப் போனாள் என்றால் குடும்பத்துக்கு அது எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி. சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுப்பது வழக்கம். பிரித்துக் கொடுத்தால் அதுவே ஒரு பேச்சாகும். அம்மா அதைத் திறந்து, எண்ணி, டிராம் காசும் மதியச் சாப்பாட்டுக்குச் சில்லறையும் திருப்பிக் கொடுப்பார். அண்ணன் தம்பிகள் இதில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம், பெண் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை குறைவு.

நான் ஒரு நாவலாசிரியராக இருந்தால் காதல் தொடங்குவதைக் காட்ட முத்தக் காட்சி வைக்கமாட்டேன். ஒரு சனிக்கிழமை அந்தக் கவரின் ஓரம் பிரிந்திருப்பதை அம்மா கவனிக்கிறார் என்று வைப்பேன். ஒரு ஜோடி காலுறைக்கான காசு குறைகிறது. அம்மா ஒன்றும் கேட்கமாட்டார். அடுத்த வாரத்திலிருந்து தம்பி ஆலை வாசலில் போய் நிற்பான்.

அம்மாவைத்தான் இந்த நாவல்கள் அதிகம் தவறவிடுகின்றன. தலை ஆட்டுவது அப்பாவாக இருக்கலாம், ஆனால் பணமும் பேச்சும் சம்பந்தமும் அம்மா வழியாகத்தான் ஓடும். யார் வீட்டுப் பெண் எந்தப் பையனோடு பேசினாள் என்ற செய்தி பால்கனி, படிக்கட்டு, துணி உலர்த்தும் கயிறு வழியாக அம்மாவிடம் வரும். அப்பாவுக்குக் கடைசியில்தான் தெரியும். இத்தாலிய-அமெரிக்க நாவலாசிரியர் மாரியோ பூஸோ இதற்கு நல்ல சாட்சி. 1965-இல் ‘தி ஃபார்ச்சுனேட் பில்கிரிம்’ என்று தன் அம்மாவை வைத்து ஒரு நாவல் எழுதினார், அதுதான் தன் சிறந்த நாவல் என்று கடைசிவரை சொன்னார். விற்கவில்லை. 1969-இல் ‘காட்ஃபாதர்’ எழுதி உலகப் புகழ் பெற்றார். பிற்பாடு அவரே சொன்ன விஷயம்: அதில் வரும் மாஃபியா தலைவர் டான் வாயைத் திறக்கும்போதெல்லாம் தன் காதில் விழுந்தது தன் அம்மாவின் குரல்தான் என்று. உலகமே மிகப் பெரிய இத்தாலிய அப்பாவாகக் கொண்டாடும் பாத்திரம் ஒரு அம்மா!

அதனால் நீங்கள் படித்த நாவலில் அப்பா மகளை விரட்டும் காட்சி எனக்கு அரைகுறையாகத்தான் படுகிறது. கோபத்தில் ‘எனக்கு இப்படி ஒரு மகளே இல்லை’ என்று கத்தியிருப்பார், உண்மை. அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதில்தான் கதை. அப்பா பேசமாட்டார். மேசையில் அவள் பெயர் எடுக்கக் கூடாது. அம்மா மட்டும் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மூடிபோட்ட பாத்திரத்தோடு மகள் வீட்டுப் படியேறுவார். அப்பாவுக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார். இந்த நாடகம் இரண்டு வருடம், மூன்று வருடம் ஓடும்.

யார் தடைசெய்யப்பட்டவன் என்பது பத்து இருபது வருடத்துக்கு ஒருமுறை மாறியது என்பதையும் கவனிக்க வேண்டும். முதலில் வேறு ஊர் இத்தாலியன். பிறகு அயர்லாந்துக்காரன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தச் சுவர் வேகமாக இடிந்தது. ராணுவத்துக்குப் போன பையன்கள் கலந்து பழகினார்கள், புறநகரில் வீடு வாங்கினார்கள், அயர்லாந்து மருமகள் சகஜமானாள். அப்போது புராட்டஸ்டன்ட்டும் யூதரும் பிரச்சினையானார்கள். இந்தக் கட்டத்தில்தான் மதச் சட்டம் நிஜமாகவே குறுக்கே நின்றது. கத்தோலிக்கர் அல்லாத மணமகனோ மணமகளோ, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்போம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் போட்டாலும் கல்யாணம் பெரும்பாலும் பீடத்தின் முன்னால் நடக்காது. சாமியார் வீட்டு முன்னறையில், பாட்டு இல்லாமல், பூசை இல்லாமல் சட்டென்று முடித்துவிடுவார்கள். 1960-களில் இந்தக் கெடுபிடி தளர்ந்தது. 1970-இல் போப் ஆறாம் பவுல் விதிகளைத் திருத்திய பிறகு கத்தோலிக்கத் தரப்பு மட்டும் வாக்குக் கொடுத்தால் போதும் என்றானது. 1955-இல் நடக்கும் கதையில் யூத மாப்பிள்ளையோடு பெரிய கோவிலில் ஆர்கன் முழங்கக் கல்யாணம் நடந்தால் ஆசிரியர் விசாரிக்காமல் எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

ஓடிப்போவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நாவல்களுக்கு அது கற்கண்டு. சிசிலியில் அதற்கு ஃபுயித்தினா என்று பெயர். பையனும் பெண்ணும் ஓரிரு ராத்திரி ஓடிப்போய்த் திரும்பி வருவார்கள், மானத்தைக் காப்பாற்ற இரண்டு வீட்டாரும் கல்யாணம் செய்துவைத்தாக வேண்டும். சில வீடுகளில் பெற்றவர்களே கண்டும் காணாமல் அனுப்பிவைப்பார்கள், ஊரைக் கூட்டிக் கல்யாணம் செய்யப் பணம் இல்லாததால். வெளியே கோபம், உள்ளே நிம்மதி. அமெரிக்காவில் இது நகராட்சி அலுவலகத்தில் பதிவுத் திருமணமாக மாறியது. அம்மா அதைக் கல்யாணமாகவே கணக்கில் எடுக்கமாட்டார். சாமியார் முன் நிற்கும்வரை அவருக்கு மகள் கன்னிப்பெண்தான், அல்லது கெட்டுப்போனவள். இந்த வழக்கத்தை வெறும் ரொமான்ஸாகக் காட்டும் நாவல்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. இதே வழக்கத்தின் மறுபக்கம் ஆள்கடத்தல். பெண்ணைத் தூக்கிப்போய்க் கெடுத்தவன் அவளையே கட்டிக்கொண்டால் தண்டனை இல்லை என்று இத்தாலியச் சட்டமே சொன்னது. 1965-இல் சிசிலியின் அல்காமோவில் கடத்தப்பட்ட ஃபிராங்கா வியோலா, கட்டமாட்டேன் என்று மறுத்து, அவனை நீதிமன்றத்தில் நிறுத்தினார். அந்தச் சட்டப் பிரிவு நீங்க 1981 ஆனது.

வீட்டின் அமைப்பும் கதையில் பாதி வேலை செய்யும். கொஞ்சம் வசதி வந்ததும் இத்தாலியர்கள் மூன்று அடுக்கு வீடு வாங்குவார்கள். கீழே அப்பா அம்மா, மேலே கல்யாணமான பிள்ளைகள். வாடகை பாதி, சில சமயம் வாடகையே இல்லை. சாப்பாடு கீழே. மேல்தளத்துச் சமையலறை பளபளவென்று இருக்கும், அங்கே யாரும் சமைக்கமாட்டார்கள். நிஜச் சமையல் நிலவறையில் இருக்கும் இரண்டாவது அடுப்பில். ஆகஸ்டில் அங்கே கூடைகூடையாகத் தக்காளி வேகும், மூலையில் திராட்சை பிழியும் எந்திரம். பின்கட்டில் ஓர் அத்திமரம், பனிக்காலத்தில் அது செத்துவிடாமல் சாக்கும் தார்ப்பாயும் சுற்றி மேலே வாளியைக் கவிழ்த்து வைப்பார்கள். இந்தக் குடும்பம் பிள்ளைகளைக் கட்டிப்போட்டது அதட்டலால் இல்லை, அந்த மேல்தளத்து வீட்டால். ‘அவனைக் கட்டினால் மேல்வீடு உன் தங்கைக்கு’ என்ற ஒரு வரி, பத்துப் பக்கச் சண்டையைவிடக் கனமானது.

அதேபோல் கல்யாண மொய். அங்கேயும் கவர்தான். மணப்பெண் பட்டுப் பை ஒன்றைக் கையில் வைத்திருப்பாள், வருகிறவர்கள் முத்தம் கொடுத்துவிட்டு அதில் கவரைப் போடுவார்கள். யார் எவ்வளவு என்று பிறகு எழுதி வைப்பார்கள், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டுமே. அயர்லாந்து மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்த முறை தெரியாது, டோஸ்டரோ தட்டோ வாங்கி வருவார்கள். இருபது வருடமாக ஊருக்கெல்லாம் மொய் வைத்த அப்பாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் திரும்பாது. தமிழ் வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது முடிவு. காதல் நாவல் என்ற வகைக்கே ஒரு நிபந்தனை உண்டு: காதலர்கள் சேர வேண்டும், வாசகர் மனநிறைவோடு மூட வேண்டும். ஆகவே குடும்பம் எப்படியாவது வழிக்கு வந்தாக வேண்டும். சோம்பேறி ஆசிரியர் அப்பாவுக்கு மாரடைப்பு வரவழைப்பார். நிஜத்தில் கதவைத் திறந்தது பெரும்பாலும் குழந்தைதான், அதுவும் குழந்தையின் பெயர். தெற்கத்தி வழக்கப்படி மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர். அயர்லாந்துக் கணவன் இந்த முறைக்குக் கட்டுப்பட்டவன் இல்லை. அவன் தானாக முன்வந்து முதல் பிள்ளைக்கே மாமனார் பெயரை வைத்தால்? தன் வரிசைக்கு மீறிய மரியாதை அது. ஞானஸ்நானத்துக்கு வராமல் கிழவரால் இருக்க முடியாது. பெண்ணின் அண்ணனை ஞானத்தந்தையாக நிறுத்திவிட்டால் அதோடு உறவும் முடிச்சுப் போட்டாயிற்று. யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, யாரும் தோற்கவில்லை.

மாஃபியா காதல் நாவல்களைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். இப்போது விற்பதெல்லாம் அதுதான்: இரண்டு கும்பல்கள், கட்டாயக் கல்யாணம், அழகான கொலைகாரன். பொழுதுபோக்காகப் படிக்கலாம். இத்தாலிய-அமெரிக்கக் குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள அதில் ஒன்றும் கிடையாது. தக்காளி வேகவைத்த வீட்டில் துப்பாக்கியை வைத்தால் சம்பளக் கவருக்கு இடம் இல்லாமல் போய்விடும்.

இன்னொரு விஷயம், ‘குடும்பப் பாசம்’ என்று உருகும் நாவல்கள் பெரும்பாலும் தாண்டிப் போவது. இந்தச் சமூகம் தன் பெண்களைக் காவல் காத்ததில் நிறவெறியும் இருந்தது. 1989 ஆகஸ்ட் 23. புரூக்ளினின் பென்சன்ஹர்ஸ்ட், அப்போது அழுத்தமான இத்தாலியப் பேட்டை. அங்கே ஒரு பெண்ணைப் பார்க்கக் கறுப்பினப் பையன்கள் வருகிறார்கள் என்ற பேச்சில் இளைஞர் கும்பல் ஒன்று மட்டையோடு காத்திருந்தது. வந்தவர் யூசுப் ஹாக்கின்ஸ், வயது 16. அந்தப் பெண்ணுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. பழைய கார் ஒன்றைப் பார்க்க நண்பர்களோடு வந்தவர். சுட்டுக் கொன்றார்கள். பிறகு அந்தத் தெருவில் கண்டன ஊர்வலம் போனபோது பேட்டைக்காரர்கள் சிலர் ஓரத்தில் நின்று ஏளனம் செய்தார்கள். அயர்லாந்து மாப்பிள்ளையை ஏற்றுக்கொண்ட தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 1980-களில் நடக்கும் ‘தடைசெய்யப்பட்ட காதல்’ எழுத வருகிறவர் இந்தப் பக்கத்தைத் தொடாமல் அயர்லாந்துப் பையனையே மறுபடி கூட்டி வந்தால், கஷ்டமான இடத்தைத் தவிர்க்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

இன்றைய காலத்தில் நடக்கும் கதை என்றால் பழைய தடை செல்லாது. 1950-க்குப் பிறகு பிறந்த இத்தாலிய-அமெரிக்கர்களில் பெரும்பான்மையோர் இத்தாலியர் அல்லாதவரைத்தான் கட்டியிருக்கிறார்கள். ‘எங்கள் ரத்தத்தில் கலப்பு கூடாது’ என்று கத்தும் தாத்தாவை 2020-இல் வைத்தால் பேத்தி சிரிப்பாள், ஏனென்றால் அவள் அம்மாவே பாதி போலந்து. இப்போதும் உறுத்தும் விஷயங்கள் வேறு: விவாகரத்தானவரைக் கட்டுவது, ஏனென்றால் முதல் கல்யாணம் செல்லாது என்று சபை தீர்ப்பளிக்காமல் கோவிலில் மறுமணம் கிடையாது, பிள்ளைக்கு ஞானஸ்நானமே வேண்டாம் என்று சொல்லும் மருமகன், அம்மாவின் மூன்று அடுக்கு வீட்டை விற்றுவிட்டு வேறு மாநிலத்துக்குப் போகலாம் என்று சொல்லும் காதலன். கடைசியாகச் சொன்னதை வைத்து யாராவது நாவல் எழுதினால் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.